கேலிக்கு ஒரு திசை உண்டு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பதைப் பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்குக் கலைச்சொற்கள் அவ்வளவு பெரிய தொல்லை தருவதில்லை. அலுவலகச் சொல்லுக்கு ஆட்சிச் சொல்லகராதி இருக்கிறது. மருத்துவச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினாலும் வாசகர் ஏற்றுக்கொள்வார். கையைக் கட்டிப்போடுபவை ஒருவருடைய சமூகப் படிநிலையைச் சுட்டிக் கேலி பேசும் சொற்கள்தான்: ஸ்னாப், ஜென்டில்மேன், யப்பி, ஷாம்பெயின் சோஷலிஸ்ட், பிளெப், கேட்டில் கிளாஸ். அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைத்துவிடும். அந்தப் பொருளைத் தமிழில் வைத்தால் கேலி செத்துப்போகும், அல்லது உயிரோடு எழுந்து தப்பான ஆள் மேல் பாயும். இரண்டாவதுதான் ஆபத்தானது. இந்த வேலையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு ஒன்று. இத்தகைய சொல்லில் பொருளுக்கு முன்னால் பெயர்க்க வேண்டியது அதன் திசையை. பேசுகிறவர் எந்தப் படியில் நின்று எந்தப் படியைப் பார்த்துச் சொல்கிறார்? கீழே இருந்து மேலேயா, மேலே இருந்து கீழேயா, தன் படியில் இருப்பவர்களோடு சேர்ந்து தன்னையே பார்த்தா? ஆங்கிலம் இந்தத் திசையைப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்குள் வைக்கிறது. தமிழ் அதை விளியிலும் வினைமுற்றிலும் மரியாதை விகுதியிலும் வைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடுகிற மொழிபெயர்ப்பாளர் தோற்பது இதனால்தான்.

2009 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு சிக்கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். அமைச்சர்கள் விமானத்தில் சாதாரண வகுப்பில் பயணம் செய்ய வேண்டும் என்று கட்சித் தலைமை விரும்பியது. அப்போது வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த சசி தரூரிடம், அடுத்த முறை கேரளாவுக்குக் ‘கேட்டில் கிளாஸி’ல்தான் போவீர்களா என்று ட்விட்டரில் ஒரு பத்திரிகையாளர் கேட்டார். நம்முடைய புனிதப் பசுக்கள் எல்லாவற்றுக்கும் துணைநின்று நிச்சயமாக அதிலேயே போவேன் என்கிற மாதிரி தரூர் பதில் போட்டார். அது ஆங்கிலத்தில் இருந்தவரை ஒரு சின்னச் சிரிப்பு. இந்திய மொழிகளில் இறங்கியதும் ஏழை எளிய பயணிகளை அமைச்சர் மாடு என்று சொல்லிவிட்டார் என்று ஆயிற்று. அவருடைய கட்சியே கண்டித்தது. ராஜஸ்தான் முதல்வராக இருந்த அசோக் கெலாட் அவர் பதவி விலக வேண்டும் என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று பிரதமர் மன்மோகன் சிங் சொல்ல வேண்டிவந்தது. தரூர் வருத்தம் தெரிவித்தபோது, இந்தச் சொல் மலையாளத்தில் இன்னும் மோசமாக ஒலிக்கிறது என்று தன்னிடம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

ஏன் மோசமாக ஒலித்தது? ஆங்கிலத்தில் ‘கேட்டில் கிளாஸ்’ அந்த இருக்கையில் உட்காருபவர்களே சொல்லுகிற சொல். முழங்காலை மடக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு போகும் விமான நிறுவனத்தைப் பார்த்துப் பயணி விடும் பெருமூச்சு அது. அடைபடுகிறவர் தன்னையும் சேர்த்துக் கேலி செய்கிறார், குத்து நிறுவனத்துக்கு. அதையே ‘மாட்டு வகுப்பு’, ‘கால்நடை வகுப்பு’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால், முன்னால் நிற்கும் அடைமொழி உட்கார்ந்திருப்பவர் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆளைப் பார்த்து மாடு என்பது தமிழில் நேரடி வசை. ஆனால் இதே குமுறலைச் சொல்லத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்புகளைப் பற்றி அதில் போகிறவர்களே சொல்வதுதான்: “ஆடு மாட்ட அடைக்கிற மாதிரி அடைச்சு ஏத்திக்கிட்டுப் போறாக.” இங்கேயும் மாடு இருக்கிறது. யாரும் கோபப்படுவதில்லை. ‘மாதிரி’ என்ற ஒரு சொல் பழியை அடைக்கிறவர் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் தமிழ் உவமையாகப் பிரித்துப்போட்டால் திசை காப்பாற்றப்படுகிறது. பெயர்ச்சொல்லாகவே வைத்தால் தலைகீழாகிறது. அமைச்சர் வாயில் அந்தச் சொல் ஆங்கிலத்திலும் கொஞ்சம் உறுத்தத்தானே செய்தது என்று கேட்கலாம். உறுத்தியது. அவர் நிற்கும் படி வேறு என்பதால் அந்தக் கேலி அவருக்கு முழு உரிமையுள்ளதாக இல்லை. ஆனால் உறுத்தலுக்கும் வசைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அவர் கடக்கவில்லை. மொழிபெயர்ப்பு கடந்தது.

தமிழில் படிநிலை விகுதியில் குடியிருக்கிறது என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் குச்சனூரிலேயே நல்ல சான்று இருக்கிறது. சுரபி ஆற்றங்கரையில் சுயம்புவாக எழுந்த சனீஸ்வர பகவானுக்கு இங்கே கோயில். ஆடிச் சனிக்கிழமைகளில் வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழியும். சன்னிதியில் அவர் சனீஸ்வரர், பகவான். அதே ஊரில் அடம்பிடிக்கும் பிள்ளையும், பழுதாகி நின்ற மோட்டாரும் ‘சனியன்’. பெயரின் அடி ஒன்றுதான். ‘அர்’ போட்டால் கும்பிடு, ‘அன்’ போட்டால் திட்டு. துரை என்ற சொல்லும் இப்படித்தான். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுக்கை இந்தப் பள்ளத்தாக்கில் துரை என்று சொன்னால் அதில் நன்றி மட்டுமே இருக்கும். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. ஜனவரி 15 அன்று அவருடைய பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பவர்கள் உண்டு. வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் இளவட்டத்தைப் பற்றி “தொர பத்து மணிக்குத்தேன் எந்திரிப்பாக” என்றால் அதே சொல் சவுக்காகிறது. எப்படி என்று பாருங்கள். ‘தொர’ என்ற பெயர் மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. ‘எந்திரிப்பான்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எந்திரிப்பாக’ என்று ஒரு படி மரியாதை கூடுதலாக வந்து விழுகிறது. தகுதிக்கு மேல் கொடுத்த மரியாதைதான் தமிழில் கேலியின் முதல் கருவி. ‘ஐயா வந்துட்டாரு’, ‘மகாராணிக்குக் காபி வேணுமாம்’, ‘கலெக்டர் சார் கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்’ என்பவை எல்லாம் இந்த ஒரே சூத்திரத்தின் வகைகள்.

இது பேச்சுக்குச் சரி, எழுத்துத் தமிழில் எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதிதான், அங்கே மரியாதையைக் கூட்டிக் காட்டுவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. எழுத்துக்கும் நம்மிடம் ஒரு மாடி இருக்கிறது. கோயில், அரண்மனை வழக்கிலிருந்து வருகிற வினைகள் அவை: எழுந்தருளினார், திருவாய் மலர்ந்தார், அருள்பாலித்தார், விஜயம் செய்தார். தாமதமாக வந்த மேலதிகாரியைப் பற்றி ‘பதினொரு மணிக்கு அலுவலகத்தில் எழுந்தருளினார்’ என்று எழுதினால் எந்த வாசகருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம். ஆங்கில நையாண்டிக் கட்டுரைகளில் ‘ஹிஸ் லார்ட்ஷிப்’ என்றோ ‘தி கிரேட் மேன்’ என்றோ வரும் இடங்களில் ‘பிரபு அவர்கள்’, ‘மகா மனிதர்’ என்று பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, பெயரைச் சாதாரணமாக விட்டுவிட்டு வினையைக் கோபுரத்தில் ஏற்றுவது மேல். ஆங்கில வாசகர் எந்த இடத்தில் சிரித்தாரோ அதே இடத்தில் தமிழ் வாசகரும் சிரிப்பார். சிரிப்பைக் கொண்டுவந்த உறுப்பு மட்டும் வேறாக இருக்கும்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு விசுவாசம் பற்றியது. ஆசிரியர் பெயர்ச்சொல்லில் வைத்ததை நீ வினையில் வைக்கிறாய், அவர் சொல்லாத உவமையை நீ கொண்டுவருகிறாய், இது மொழிபெயர்ப்பா சொந்த எழுத்தா என்பார்கள். இதற்கு மொழிகளே பதில் வைத்திருக்கின்றன. வசதியாக வாழ்ந்துகொண்டு ஏழைகளுக்காகப் பேசுகிறவரை ஆங்கிலேயர் ஷாம்பெயின் சோஷலிஸ்ட் என்கிறார்கள். அதே ஆளைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கோஷ் கவியார்’ என்பார்கள். மீன்முட்டை தின்னும் இடதுசாரி. சுவீடனில் அவர் சிவப்பு ஒயின் இடதுசாரி. அமெரிக்காவில் அவர் கார் ஏறிவிட்டார்: 1969 நியூயார்க் மேயர் தேர்தலில் மரியோ புரோகாச்சினோ தன் எதிராளி ஜான் லிண்ட்சேயைத் தாக்கப் பயன்படுத்திய ‘லிமோசின் லிபரல்’ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பானம் மாறுகிறது, பண்டம் மாறுகிறது, வண்டி வருகிறது. மாறாமல் நிற்பது ஒன்றுதான்: வாயில் இருக்கும் கொள்கைக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை வெளியே நின்று ஒருவர் சுட்டிக்காட்டும் பார்வை. அப்படியிருக்கத் தமிழில் ஷாம்பெயினைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நம் வாசகருக்கு ஷாம்பெயின் வெறும் சினிமாக் கொண்டாட்டம். ‘ஏசி அறைப் புரட்சியாளர்’ என்றால் குளிர்ச்சி சரியான ஆள் மேல் படும்.

சீன மொழிபெயர்ப்பாளர்கள் இதே குழியில் விழுந்ததும் எழுந்ததும் நமக்குப் பாடம். சீனத்தில் வினைக்கு மரியாதை விகுதி கிடையாது. ஆகவே கேலியைப் பெயர்ச்சொல்லிலேயே ஏற்றியாக வேண்டும். யப்பி என்ற சொல்லை ஒலிபெயர்க்க அவர்கள் எடுத்த மூன்று எழுத்துகளில் முதலாவதற்கு நயம், நாகரிகம் என்று பொருள். கடைசி எழுத்து கற்றோரையும் மேன்மக்களையும் குறிப்பது. அமெரிக்காவில் 1980களில் பணத்தின் பின்னால் ஓடும் நகரத்து இளைஞரை நக்கலடிக்கப் பிறந்த சொல், சீனத்தில் எழுத்தின் அழகாலேயே பாராட்டைப் போலத் தோன்றத் தொடங்கிவிட்டது. ஒலி வந்தது, திசை வரவில்லை. இன்னொரு பக்கம் ஸ்னாப் குணத்துக்குச் சீனத்தில் ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: ‘ஷிலியென்’. அதிகாரம், ஆதாயம், கண் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்தது. அதிகாரமும் ஆதாயமும் இருக்கும் இடத்தை மட்டுமே பார்க்கிற கண். படிநிலைக் கேலி என்பது பார்வையின் திசைதான் என்பதை ஒரு மொழி எழுத்திலேயே பொறித்து வைத்திருக்கிறது. ‘துஹாவ்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. புரட்சிக் காலத்தில் அது உள்ளூர்க் கொடுங்கோல் நிலக்கிழாரைக் குறித்தது. அவர்களை வீழ்த்தி நிலத்தைப் பங்கிடு என்பது முழக்கம். 2013 வாக்கில் இணையத்தில் அதே சொல் பணத்தை வாரியிறைக்கும் ரசனையற்ற புதுப்பணக்காரருக்குச் சிரிப்புப் பட்டமாகத் திரும்பி வந்தது. இதை ஆங்கிலத்திலோ தமிழிலோ ‘நிலக்கிழார்’ என்று பெயர்ப்பவர் அகராதிக்கு உண்மையாக இருப்பார், பேசியவருக்கு இருக்க மாட்டார்.

சீனத்திலிருந்து நாம் கடன் வாங்கக் கூடாத ஒன்றும் உண்டு. அங்கே ‘ட்சு’ என்ற ஒட்டு குலம், இனம் என்று பொருள் தருவது. அதை எந்த வாழ்க்கைமுறைக்கும் பின்னால் போட்டுப் புதுக் கூட்டத்தை உண்டாக்கிவிடலாம். வசதியான வாழ்க்கையையும் கலகக்காரப் பாணியையும் சேர்த்துக்கொண்டவரைச் சுட்டி, டேவிட் புரூக்ஸ் 2000இல் எழுதிய நூலால் பரவிய ‘போபோ’ என்ற சொல்லும் அப்படித்தான் அங்கே ஒரு ‘ட்சு’ ஆனது. யாருக்கும் காயமில்லை. தமிழில் ‘குலம்’ என்று ஒட்ட முடியுமா? ஒட்டிய நொடியில் சாதி வந்து உட்கார்ந்துவிடும். இதுதான் என் வாதத்துக்கு வரும் இரண்டாவது எதிர்ப்பு; மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது. ஆங்கிலேயரின் வர்க்கம் வேறு, நம்முடைய சாதி வேறு. உள்ளூர்ச் சொல்லைப் போட்டுக் கேலியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினால் லண்டன் தெருவில் நம் ஊர்ச் சாதியைக் குடியேற்றிவிடுவாய் என்பது அது. இதை நான் மறுக்கவில்லை. முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். பிரிட்டனில் 2000களில் பரவிய ‘சாவ்’ என்ற வசையை எடுத்துக்கொள்ளுங்கள். உழைக்கும் வர்க்கத்து இளைஞரின் உடையையும் பேச்சையும் இகழ்வது. அந்த இகழ்ச்சியின் அரசியலைப் பற்றி ஓவன் ஜோன்ஸ் 2011இல் ஒரு நூலே எழுதினார். இதற்குத் தமிழில் கைக்கு எளிதாக வருவது சேரியைச் சேர்த்த வசை. அதைப் போட்டால் வர்க்க இகழ்ச்சி சாதி இகழ்ச்சியாகும். ஆங்கிலத்தில் அடிபடாத ஒரு மக்கள் கூட்டம் தமிழில் அடிபடும். திசை சரி என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. கீழ்நோக்கிய கேலி இன்னும் பல படி கீழே இறங்கிப் போய் விழுகிறது.

பழமொழிகளிலும் இதே கண்ணி இருக்கிறது. புதுப்பணக்காரரைக் குறிக்கும் ‘நூவோ ரீஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் வரும்போதெல்லாம், அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பதைக் கொண்டுவந்து நிறுத்தத் தோன்றும். அழகாகப் பொருந்துவது போலவும் இருக்கும். ஆனால் அந்தக் குடை சும்மா வந்த குடை இல்லை. குடை பிடிப்பதும் செருப்பு அணிவதும் சில சாதிகளுக்கு மறுக்கப்பட்டிருந்த நாடு இது. திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை அந்தத் தடை நடைமுறையில் இருந்தது வரலாறு. குடை பிடித்தவரைப் பார்த்துச் சிரித்த கண் யாருடையது என்று யோசித்தால், பழமொழிக்குள் ஒளிந்திருக்கும் திசை தெரியும். நூவோ ரீஷ் என்பதிலும் பரம்பரைப் பணக்காரரின் ஏளனம் இருக்கிறதுதான். அது ரசனையைப் பற்றியது. பழமொழி பிறப்பைப் பற்றியது. ஆகவே ‘திடீர்ப் பணக்காரர்’ என்று சப்பென்று எழுதி, கேலி வேண்டுமானால் வினையில் ஏற்றுவது பத்திரமான வழி. இதிலிருந்து கிடைக்கிற விதி: தமிழின் இலக்கணத்தைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்; தமிழ்நாட்டின் சமூகப் பெயர்களைக் கடன் வாங்கக் கூடாது. விகுதி, விளி, உவமை, வினை எல்லாம் பொதுச்சொத்து. சாதி, குலத்தொழில், ஊரின் எந்தப் பகுதி என்ற பெயர்கள் ஒவ்வொன்றும் உயிருள்ள மனிதர்களைச் சுட்டுபவை.

இந்த விதி தாங்குமா என்று பார்க்க ஒரு கடினமான சோதனை இருக்கிறது. ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் 1954இல், ஆங்கிலேய மேல்தட்டினரின் சொற்களையும் மற்றவர் சொற்களையும் ‘யூ’, ‘நான்-யூ’ என்று பிரித்தார். எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு அடுத்த ஆண்டு அதை ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எடுத்தாண்டார். 1956இல் அது நூலாகவும் வந்து நாடே தன் பேச்சைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துணியை ‘நாப்கின்’ என்பவர் மேல்தட்டு, ‘செர்வியட்’ என்பவர் மேல்தட்டாக ஆசைப்படுபவர். தமிழில் இதற்குச் சட்டென்று தோன்றும் இணை சோறு, சாதம், தண்ணி, ஜலம். விதியின்படி இது கூடாது, ஏனென்றால் இந்த இணைகள் சாதியின் கோடுகள். அதோடு திசையும் பொருந்தாது. மிட்ஃபோர்டின் வேடிக்கையே, உண்மையான மேல்தட்டு வெறும் சாதாரணச் சொல்லைச் சொல்லும், ஏற ஆசைப்படுகிறவர்தான் பகட்டான பிரெஞ்சுச் சொல்லைப் பிடிப்பார் என்பதில் இருக்கிறது. இன்றைய தமிழில் அந்தப் பகட்டு எங்கே இருக்கிறது? ‘இன்னும் கொஞ்சம் ரைஸ் வைக்கட்டுமா’, ‘என் ஒயிஃப் சொன்னாங்க’ என்பதில் இருக்கிறது. சோறு என்று கூச்சமில்லாமல் சொல்பவர் மேலேயும் இருக்கிறார், கீழேயும் இருக்கிறார். நடுவில் தவிக்கிறவருக்குத்தான் அது ரைஸ். சோறு–ரைஸ் என்ற இணையை வைத்தால் சாதியும் வராது, கேலியும் சரியான ஆசாமியைத் தேடிப் போகும். விதி கையைக் கட்டுவதுபோல் தெரிந்தாலும் இன்னும் சரியான இடத்துக்கு இட்டுச்செல்கிறது.

தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் சொற்கள் வேறொரு வகை. பெர்னார்டு ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் குப்பை அள்ளும் ஆல்ஃபிரட் டூலிட்டில், தான் உதவிக்குத் தகுதியில்லாத ஏழை என்று பெருமையாக அறிவித்துக்கொள்கிறார். ஏழைகளில் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று விக்டோரியா காலத்துக் கனவான்கள் போட்ட கணக்கை அவர் அப்படியே எடுத்து மார்பில் பதக்கமாகக் குத்திக்கொள்கிறார். மேலே இருந்து வந்த சொல்லைக் கீழே இருப்பவர் பறித்து மேலே வீசுகிறார். ‘தகுதியற்ற ஏழை’ என்ற மொழிபெயர்ப்பு அரசு அறிவிப்பைப் போல வாயில்லாமல் கிடக்கும். நம்மிடம் ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ இருக்கிறது. அதே கனவான் கணக்கு, அதே மேலிருந்து பார்க்கும் கண். “பாத்திரம் பார்த்துப் பிச்சை போடுறீங்களே, அந்தக் கணக்குல நான் ஓட்டைப் பாத்திரம்யா” என்று டூலிட்டிலைத் தமிழில் பேசவிட்டால் சொல்லைப் பறித்துத் திருப்பி வீசும் வேலை நடக்கிறது. இங்கே பழமொழியை எடுத்தது விதிக்கு முரண் இல்லையா என்று கேட்டால், இல்லை. பழமொழியின் அடுத்த பாதி கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு என்கிறது. அந்தப் பாதியைத் தொடாமல் விட்டதே விதியைக் கடைப்பிடித்ததுதான்.

ஒரு சொல்லின் திசை எப்போதைக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பவும் கூடாது. ஸ்னாப் என்றால் முதலில் செருப்புத் தைப்பவர். பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊர்க்காரர்களை அப்படி அழைத்தார்கள். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1846–47இல் ‘பஞ்ச்’ இதழில் தொடராக எழுதி, 1848இல் நூலாக்கிய பிறகுதான், தன்னைவிட மேலே இருப்பதைப் பார்த்து இளித்துக் கீழே இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர் என்ற பொருள் நிலைத்தது. கீழே இருப்பவரைச் சுட்டிய சொல் மேலே ஏறத் துடிப்பவரைச் சுட்டும் சொல்லாகத் திரும்பியது. காலம் செய்கிற இந்த வேலையை எங்கள் பக்கத்தில் தூரமே செய்துவிடும். பாண்டி என்பது மதுரைச் சீமையில் மன்னர் பெயர், சாமி பெயர், பிள்ளைக்கு ஆசையாக வைக்கும் பெயர். குமுளியைத் தாண்டி மலையாளத்தில் அதே சொல் தமிழ்க் கூலிக்காரரை இளக்காரமாகச் சுட்டவும் பயன்படுகிறது. எழுத்து மாறவில்லை, ஒலியும் ஏறக்குறைய அதே. மலைமேல் ஏறியதும் திசை மாறிவிட்டது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ‘பெரிய துரை’, ‘சின்ன துரை’ என்பவை பதவிப் பெயர்கள். அங்கிருந்து வரும் ஒரு கதையில் அவற்றைப் பார்த்ததும் நக்கல் என்று நினைத்து ஆங்கிலத்தில் ‘லார்ட்’ போட்டால் அது வேறு கதையாகிவிடும். யார், எங்கே, எந்த ஆண்டில், யாரிடம் சொல்கிறார் என்ற நான்கும் தெரியாமல் இந்த வகைச் சொல்லைத் தொடக் கூடாது.

இவ்வளவு யோசிக்க எழுத்தில் நேரம் இருக்கிறது, நேரடியாக வாய்வழியே பெயர்ப்பவருக்கு ஏது நேரம் என்பது அடுத்த எதிர்ப்பு. கூட்டத்தில் பேச்சாளர் ஒரு கிண்டலை வீசிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். தவறான விகுதி போட்டால் அரங்கம் முறைக்கும். உண்மைதான். அங்கே முதல் கடமை, காயப்படுத்தாமல் இருப்பது. திசை உறுதியாகத் தெரிந்தால் விகுதியில் ஏற்றலாம். தெரியாவிட்டால் ‘வேடிக்கையாகச் சொல்கிறார்’ என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டுச் சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும். சிரிப்பு குறையும், சண்டை வராது. நீதிமன்றத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் இறுக்கமானது. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி மொழிபெயர்ப்பாளரும் சாட்சியைப் போலவே சத்தியம் செய்கிறார். அங்கே நயத்துக்கு இடமில்லை. சொன்ன சொல்லைச் சொல்லி, தொனி வழக்குக்குத் தேவையானால் தொனியையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு படிநிலைச் சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு லண்டனிலேயே சான்று இருக்கிறது. 2012 செப்டம்பரில் டவுனிங் தெரு வாயிலில் காவலர்களை ‘பிளெப்’ என்று சொன்னதாக ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல் மீது குற்றச்சாட்டு வந்தது. அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை என்றார். பதவி போனது. அவதூறு வழக்குக்குப் போனார். அந்தச் சொல்லையோ அதற்கு நெருக்கமான ஒன்றையோ அவர் சொல்லியிருப்பார் என்று 2014 நவம்பரில் நீதிபதி முடிவுக்கு வந்தார். ரோமாபுரியின் பாமரக் குடிகளைக் குறித்த பழைய லத்தீன் சொல் ஓர் ஆளுங்கட்சிக் கொறடாவின் நாற்காலியைக் கவிழ்த்தது. இங்கே அதைப் ‘பாமரன்’ என்று பெயர்த்தால் எதற்காக இத்தனை ரகளை என்று நம் வாசகர் வியப்பார். தமிழில் பாமரனுக்குக் கொஞ்சம் பரிவே சேர்ந்திருக்கிறது. சொல்லை அப்படியே ‘பிளெப்’ என்று விட்டு, காவலரைக் கீழாகப் பேசும் மேட்டுக்குடிச் சொல் என்று வாக்கியத்துக்குள்ளேயே ஒரு விளக்கம் வைப்பதுதான் சரி.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதையும் இந்த வாதத்தைத்தான் ஆதரிக்கிறது. உத்தமபாளையம் நீதிமன்றத்தில் தமிழில் பதிவாகும் சாட்சியம் மேல்முறையீட்டில் மதுரைக் கிளைக்குப் போனால் ஆங்கிலமாக வேண்டியிருக்கிறது. “அவுக எல்லாம் வரமாட்டாகன்னு சொன்னேன்” என்று சாட்சி எகத்தாளமாகச் சொல்லியிருந்தால் அந்த எகத்தாளம் ‘ஆக’வில் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. எந்திரத்தனமாகப் பெயர்த்தால் வெறும் ‘அவர்கள் வரமாட்டார்கள்’ மிஞ்சும். கதையிலோ கட்டுரையிலோ என்றால் விகுதியில் இருந்ததைப் பெயர்ச்சொல்லுக்கு மாற்றி ‘ஹிஸ் லார்ட்ஷிப்’ என்றோ ‘ஹிஸ் நிப்ஸ்’ என்றோ வைக்கலாம். தகுதியில்லாமல் பெரிய மனிதத் தோரணை காட்டுபவருக்கு ஆங்கிலத்தில் ‘லார்ட் மக்’ என்ற பட்டமே தயாராக இருக்கிறது. சாட்சியத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. சொல்லை நேராகப் பெயர்த்து, மரியாதை விகுதி ஏளனமாக வந்தது என்று குறிப்பு எழுத வேண்டும். எந்த வழியில் போனாலும் தமிழில் கடைசி அசையில் இருந்தது ஆங்கிலத்தில் வேறோர் இடம் தேடிப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் இப்படி நடந்தால் அது மொழிபெயர்ப்பாளரின் வசதி என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் நடப்பதால் அது மொழிகளின் அமைப்பு.

கடைசியாக ஒரு மாற்று யோசனை: ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் என்ன? தமிழர்கள் வர்க்கம் பேச ஆங்கிலத்தைத்தானே எடுக்கிறார்கள்? எடுக்கிறார்கள், ஆனால் எடுத்தபின் அது ஆங்கிலமாக இருப்பதில்லை. தமிழில் ‘கிளாஸ்’ என்றால் வர்க்கம் இல்லை, உயர்ந்த ரசனை. சினிமாக்காரர்களுக்கு அதன் எதிர்ப்பதம் ‘மாஸ்’. ‘லோக்கல்’ என்றால் உள்ளூர் இல்லை, தரக்குறைவு. ‘லோக்கலா பேசாத’ என்பது முழு வர்க்க இகழ்ச்சி. ‘பீட்டர் விடுறான்’ என்பதில் பீட்டர் எந்த ஆங்கிலேயரும் இல்லை, ஆங்கிலம் பேசிப் பெருமையடிக்கும் நம்மவர். இது அந்தப் பகட்டைக் கீழே நின்று கேலி செய்வது. இப்படித் தமிழில் ஏற்கெனவே திசை பிடித்துவிட்ட கடன்சொற்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஸ்னாப் தன் ஆங்கிலத்தைக் காட்டி அலட்டும் இடத்தில் பீட்டரைவிட நல்ல சொல் கிடையாது. திசை பிடிக்காத கடன்சொல்லை விட்டுவைத்து அடிக்குறிப்பு எழுதுவது, ஆய்வு நூலுக்குப் பொருந்தும். நாடகத்திலும் பத்திரிகையிலும் மேடையிலும் அடிக்குறிப்புக்கு யாரும் சிரிப்பதில்லை.

ஆகவே செய்தி மேசையில் உட்கார்ந்து அவசரமாகப் பெயர்ப்பவருக்கும் சரி, நாவலை மெல்லப் பெயர்ப்பவருக்கும் சரி, நான் சொல்வது ஒரே சோதனைதான். பெயர்த்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, இதைக் கேட்டு யார் சிரிப்பார்கள், யாருக்கு வலிக்கும் என்று பட்டியல் போடுங்கள். மூலத்துக்கும் அதே பட்டியலைப் போடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் பெயர்ச்சொல் எங்கே போனாலும் மொழிபெயர்ப்பு சரி. சிரிப்பவர்கள் குறைந்து, வலிபடுபவர்கள் அதேபோல் இருந்தால் மொழிபெயர்ப்பு சுமார், அச்சுக்குப் போகலாம். மூலத்தில் இல்லாத ஒருவருக்குத் தமிழில் வலித்தால், அதுவும் அவர் ஏற்கெனவே கீழே நிறுத்தப்பட்டவராக இருந்தால், எவ்வளவு நயமான வாக்கியமானாலும் அடித்துவிட்டுச் சப்பையான ஒன்றை எழுதுங்கள். 2009இல் செய்தி மேசைகள் அந்தப் பட்டியலைப் போட்டிருந்தால், விமான நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிய ஒரு கிண்டல், பயணிகளைப் பற்றிய வசையாக வீடு வீடாகப் போயிருக்காது. அது தமிழின் குறையோ மலையாளத்தின் குறையோ இல்லை. அந்தக் குமுறலைச் சொல்ல இரண்டு மொழிகளிலும் வழி உண்டு. பெயர்ச்சொல்லைத் தேடிய அவசரத்தில் அந்த வழியை யாரும் பார்க்கவில்லை.